பசி தணிக்காத கோபம்: ஓர் உபவாச நிகழ்வு ஆய்வு

உபவாசத்தைப் பற்றி ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அளவு கேட்பார்கள். எத்தனை நாள் இருக்கலாம், தண்ணீர் குடிக்கலாமா, மாத்திரை போடலாமா என்று. இவர் கேட்டது வேறு. “ஐயா, சாப்பிடாமல் இருக்கிற நாளில்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. ஜெபத்தில் உட்கார்ந்தால் வாயால் சொல்ல முடியாத நினைவுகள் வருகின்றன. என் உபவாசத்தில் பிசாசு புகுந்துவிட்டானா, இல்லை தேவனே என்னைத் தள்ளிவிட்டாரா?”

இங்கே ‘இவர்’ என்று வருகிறவர் ஒரு தனி மனிதர் இல்லை. இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பதை ஒரே ஆளின் கதையாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பின்னணி

முப்பதுகளின் பிற்பகுதி. மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர், சபையில் நல்ல பெயர் உள்ளவர். வெள்ளிக்கிழமைதோறும் மாலைவரை சாப்பிடாமல் ஜெபிப்பது பல வருஷப் பழக்கம். அதில் அதுவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

சிக்கல் அவருடைய அப்பா நோயில் விழுந்தபோது தொடங்கியது. அப்பாவை இவர்தான் வீட்டில் வைத்துப் பார்த்தார். அண்ணன் எப்போதாவது போன் செய்வார். செலவில் பங்கு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அப்பாவின் சுகத்துக்காக இவர் நீண்ட உபவாசங்கள் எடுத்தார். அப்பா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது, உறவினர் எல்லாரும் இருக்க, அண்ணன் சொன்னார்: “நீ பார்த்த லட்சணத்துக்குத்தானே அப்பா போனார்.”

அன்றைக்கு இவர் பதில் பேசவில்லை. பேசாமல் விட்ட பதிலைத்தான் அதன் பிறகு ராத்திரிதோறும் படுக்கையில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் இதைச் சொன்னால் நான் இதைச் சொல்வேன், சித்தப்பா இடையில் வந்தால் அதைச் சொல்வேன் என்று முழு விசாரணையும் மனதுக்குள் நடக்கும். கடைசியில் அண்ணன் தலைகுனிந்து நிற்பார். அதை ஓட்டிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது என்று பின்னால் ஒத்துக்கொண்டார். பகலில் அந்தக் கோபம் அண்ணனிடம் போகவில்லை, போக வழியும் இல்லை. மனைவி மேலும் மகள் மேலும் இறங்கியது.

அதே காலத்தில்தான் மற்ற நினைவுகளும் வந்தன. வேதத்தைத் திறந்தால் இயேசுவைப் பற்றி அசிங்கமான ஒரு சொல் மனதில் வெட்டிப் போகும். திருவிருந்துப் பாத்திரம் கைக்கு வரும்போது அதில் துப்புவதுபோல் ஒரு காட்சி. சமையலறையில் கத்தியை எடுத்தால், பக்கத்தில் நிற்கும் மகளைக் குத்திவிடுவோமோ என்று ஒரு படபடப்பு. மகள் இருக்கும்போது கத்தியைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர் இதை எந்த வாயால் சொல்வார்?

அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து உபவாசம். அதைக் கூட்டினார். மூன்று நாள் என்று தீர்மானிப்பார். நடுவில் அந்த நினைவு வந்துவிட்டால் அந்த நாள் கெட்டது, கணக்கில் சேராது என்று மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவார். நினைவு தினமும் வந்தது. மூன்று நாள் ஒரு வாரமாக நீண்டது. வேலை செய்யும் இடத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்ட பிறகு மனைவிதான் வற்புறுத்தி அழைத்து வந்தார்.

நோட்டுப் புத்தகத்தில் இருந்தது

வரும்போது ஜெபக்குறிப்பு நோட்டையும் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு உபவாசத்துக்கும் மேலே தேதி, கீழே எண் போட்ட குறிப்புகள். ஒரு பக்கம் இப்படி இருந்தது: 1. கோப ஆவி விலக. 2. அசுத்த நினைவுகள் அழிய. 3. அண்ணன் செய்ததை தேவன் அவருக்கு உணர்த்த. 4. அண்ணன் எல்லார் முன்னாலும் வந்து மன்னிப்புக் கேட்க. 5. தேவ சமாதானம். நாலாவது குறிப்பில் பேனா அழுந்திய தடம் அடுத்த தாளிலும் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில்: “மூன்றாம் நாள், காலை, நினைவு வந்தது. இன்று சேராது.”

மனைவி அதிகம் பேசவில்லை. கேட்டபோது சொன்னார்: “வெள்ளிக்கிழமை என்றாலே எங்களுக்குப் பயம் ஐயா. அவர் சாப்பிடாமல் இருக்கிற நாளில் நாங்கள் பேசாமல் இருக்க வேண்டும்.” முந்தைய வாரம் மகள் வர்ணம் கலக்கி வைத்த தண்ணீர் அவருடைய பாடக் குறிப்புகள் மேல் கொட்டிவிட்டதாம். “அப்பா உபவாசத்தில் இருக்கிறேன் என்று தெரியாதா?” என்று வீடு அதிரக் கத்தியிருக்கிறார்.

அந்த ஒரு கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தண்ணீர் கொட்டியது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. தான் பட்டினி இருப்பதற்கு வீடு மரியாதை காட்டவில்லை என்பதுதான் புகார். அதாவது உபவாசம் மற்றவர்கள் அவருக்குக் கட்ட வேண்டிய கடனாக மாறியிருந்தது. மகள் கடன்காரி, மனைவி கடன்காரி, அண்ணன் பெரிய கடன்காரன். கடைசியில், அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தேவனும்தான். அப்பாவுக்காக அத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தேனே, என்ன ஆயிற்று?

இதை அவரிடம் அப்படியே கேட்டபோது வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “அப்படிக் கேட்டால் பாவம் இல்லையா ஐயா?” என்றார். ஏசாயா 58-ஐத் திறந்து மூன்றாம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். “நாங்கள் உபவாசம்பண்ணும்போது நீர் நோக்காமலிருக்கிறதென்ன?” என்று ஜனங்கள் கேட்கிறார்கள். அவர் நெஞ்சில் இருந்த கேள்வி எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கிறது. கேட்டதற்காக தேவன் அவர்களை அடிக்கவில்லை, பதில் சொல்கிறார். அந்தப் பதில்தான் கசப்பானது: “வழக்குக்கும் வாதுக்கும்” உபவாசிக்கிறீர்கள் என்கிறார். நோட்டில் மூன்றாவது, நாலாவது குறிப்புகள் வழக்குத்தானே.

சாப்பிடாமல் இருப்பதெல்லாம் உபவாசம் இல்லை

நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மத்தேயு 6-க்குப் போவார்கள். மனுஷர் காணும்படி முகத்தை வாடப்பண்ணாதே, தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்பது. அது சரிதான். ஆனால் இவர் ஊருக்குக் காட்ட உபவாசித்தவர் இல்லை. சபையில் பலருக்கு இவர் உபவாசிப்பதே தெரியாது. அதனால் அந்தப் பகுதியை வாசித்தபோதெல்லாம் தனக்கு இது பொருந்தாது என்று தாண்டிவிட்டார். இவருக்குத் தேவைப்பட்டது 1 இராஜாக்கள் 21.

அந்த ஒரே அதிகாரத்தில் சாப்பிடாமை மூன்று விதமாக வருகிறது. நாபோத் திராட்சத்தோட்டத்தைத் தர மறுத்ததும் ஆகாப் ராஜா “சலிப்பும் சினமுமாய்” வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான். நம் வீடுகளில் இதற்கு முறுக்கிக்கொண்டு படுப்பது என்று பெயர். அடுத்து யேசபேல் உபவாசம் கூறும்படி ராஜாவின் பெயரால் நிருபம் எழுதுகிறாள். அந்த உபவாசக் கூட்டத்திலேயே நாபோத்தின் மேல் பொய்சாட்சி வைத்து, கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். மூன்றாவது, எலியா வந்து நியாயத்தீர்ப்பைச் சொன்னபின் ஆகாப் வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டு உடுத்தி, உபவாசித்துத் தாழ்மையாய் நடக்கிறான். அதை தேவன் கவனிக்கிறார். மூன்றிலும் வயிறு காலிதான். வெளியிலிருந்து பார்த்தால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அப்போஸ்தலர் 23-ல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், பவுலைக் கொலைசெய்யும்வரை புசிப்பதும் இல்லை குடிப்பதும் இல்லை என்று சபதம் செய்கிறார்கள். கோபம் பசியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் எனக்குத் தெரியாது. சாப்பிடாமல் இருப்பதால் கோபம் தானாகக் குறையும் என்று நினைக்க ஆதாரமே இல்லை. சில நேரம் அது கோபத்துக்கு ஒரு புனித வேஷம் போட்டுக் கொடுக்கும். எவ்வளவு கஷ்டப்படுகிறேன் பார் என்ற நினைப்பு, நான் சொல்வதுதான் நியாயம் என்ற நினைப்பில் போய் முடியும்.

இதைப் பழைய துறவிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்த எவாக்ரியுஸ், மனிதரை அலைக்கழிக்கும் நினைவுகளை எட்டு வகையாகப் பிரித்தவர். கோபத்தைப் பற்றி அவர் சொல்வது: ஜெபவேளையில்தான் அது மனதை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், நம்மை நோகடித்தவரின் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். இதைச் சொன்னதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அண்ணன் முகம் அப்படித்தான் வரும் ஐயா.” ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவருக்கும் இதே தொல்லை என்பதே அவருக்குப் பாதி ஆறுதல்.

எவாக்ரியுஸ் மருந்தையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார், அதுதான் இந்த நிகழ்வுக்கு முக்கியம். இச்சை பற்றி எரிந்தால் அதற்குப் பசியும் உழைப்பும் தனிமையும். கோபம் கொந்தளித்தால் அதற்குச் சங்கீதம் பாடுவது, பொறுமை, இரக்கம். பசி இந்த இரண்டாவது பட்டியலில் இல்லவே இல்லை. பல வருஷம் கடுமையாக உபவாசித்த ஒரு துறவியே கோபத்துக்கு உபவாசத்தை எழுதிக் கொடுக்கவில்லை. அவர் வழியில் வந்த யோவான் காசியான் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உபவாசம், கண்விழிப்பு எல்லாம் கருவிகள். இலக்கு சுத்தமான இருதயம். கருவியைக் கைவிட வேண்டிவந்ததற்காகக் கோபப்பட்டால் இலக்கே போய்விடும். உபவாசத்தால் வரும் லாபம், கோபத்தால் வரும் நஷ்டத்துக்கு ஈடாகாது என்பது அவர் போட்ட கணக்கு.

“இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி” போகாது என்ற வசனத்தை இவர் கெட்டியாகப் பிடித்திருந்தார். மாற்கு 9:29-ல் உபவாசம் என்ற பகுதி சினாய், வத்திக்கான் ஆகிய மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. மத்தேயு 17:21 வசனம் முழுவதுமே அவற்றில் இல்லை. இதை வைத்து உபவாசம் வேண்டாம் என்று வாதாட முடியாது. இயேசுவே உபவாசித்தார், “நீங்கள் உபவாசிக்கும்போது” என்றும் சொன்னார். ஆனால் தன் கோபத்தைப் பிசாசு என்று பெயரிட்டு, அதை விரட்ட உபவாசத்தை ஆயுதமாக்கி, எல்லாப் பாரத்தையும் இந்த ஒரு வசனத்தின் மேல் வைப்பது சரியில்லை. கோபத்துக்குப் பிசாசு என்று பெயர் வைத்தால் ஒரு வசதி உண்டு. மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

நினைவுகள் வேறு கணக்கு

இவர் செய்த பெரிய குழப்பம், ராத்திரியில் அண்ணனோடு நடத்தும் விசாரணையையும் ஜெபத்தில் வெட்டிப் போகும் தூஷணச் சொல்லையும் ஒரே மூட்டையில் கட்டியது. இரண்டுக்கும் ‘கெட்ட நினைவு’ என்றே பெயர் வைத்திருந்தார். முதலாவதை அவர் அழைத்து உட்கார வைக்கிறார், வளர்க்கிறார், ருசிக்கிறார். இரண்டாவது அழைக்காமல் வருகிறது. வந்தவுடன் அவருக்கு நடுக்கம், அருவருப்பு. முதலாவதற்கு அவர் பொறுப்பு. இரண்டாவது வருவதற்கு அவர் பொறுப்பே இல்லை. விசித்திரம் என்னவென்றால், அவர் இரண்டாவதற்காகத்தான் அழுதார், முதலாவதற்காக ஒரு நாளும் அழவில்லை.

எவாக்ரியுஸ் இதற்கும் ஒரு கோடு போட்டிருக்கிறார்: நினைவுகள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம்மைப் பொறுத்தது. மத்தேயு 4-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். நாற்பது நாள் உபவாசத்தின் முடிவில், பசி உண்டானபோதுதான் சோதனைக்காரன் வந்தான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்ற யோசனை இயேசுவின் காதிலேயே விழுந்தது. விழுந்தது பாவம் ஆகவில்லை. உபவாசம் அதைத் தடுக்கவும் இல்லை.

“இருதயத்திலிருந்து பொல்லாத சிந்தனைகள் புறப்பட்டு வரும் என்று இயேசு சொன்னாரே?” என்று மாற்கு 7-ஐ எடுத்தார். நல்ல கேள்வி. ஆனால் அந்த அதிகாரமே சாப்பாட்டைப் பற்றியது. உள்ளே போகிற உணவு இருதயத்துக்குள் போவதில்லை, வயிற்றுக்குள்தான் போகிறது என்று அங்கே சொல்கிறார். அப்படியானால் உணவை நிறுத்துவதும் வயிற்றோடுதான் நிற்கும். தானாக இருதயத்தைக் கழுவாது.

இங்கே வேத விளக்கம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். வேண்டாத நினைவுகள் மனநோய் இல்லாத சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கும் வருகின்றன என்பதை 1978-லேயே ராக்மன், டி சில்வா என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். வன்முறை, தெய்வ நிந்தனை, தகாத உறவு, எல்லா வகையும் அதில் உண்டு. பலருக்கு அவை வந்து போய்விடும். சிலருக்கு அது பெரிய ஆபத்தாகத் தோன்றும். தடுக்க, சமன்செய்ய ஏதாவது செய்யத் தொடங்குவார்கள். தடுப்பதே வினையாகும். 1987-ல் டேனியல் வெக்னர் நடத்திய சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக வந்தது.

இவர் விஷயத்தில் சில அடையாளங்கள் தெளிவாக இருந்தன. நினைவு வந்ததும் மனதுக்குள் “மன்னியும்” என்று சரியாக வரும்வரை சொல்வது, கத்தியைத் தவிர்ப்பது, கறைபட்ட நாளை அழித்து உபவாசத்தை மறுபடி தொடங்குவது. வேண்டாத நினைவும் அதை அடக்கச் செய்யும் சடங்கும் மாறி மாறி வரும் மனநோய் ஒன்று உண்டு, ஓசிடி என்பார்கள். இது அதன் சமய வடிவமாக இருக்கலாம். அங்கே உபவாசமே நோயின் சடங்காகிவிடுகிறது. சடங்கு செய்யச் செய்ய நோய் பலப்படும். மருத்துவர்தான் இதை உறுதி செய்ய வேண்டும் என்பதால் அவருடைய சபைப் போதகரும் நானும் சேர்ந்து மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். “பாஸ்டரே பைத்தியக்கார டாக்டரிடம் அனுப்புகிறாரா?” என்று வருத்தப்பட்டார். போதகரே கூடப் போனதால் ஒத்துக்கொண்டார். மருத்துவரும் ஓசிடி என்றே சொன்னார்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நினைவோடு சேர்த்து அதைச் செய்ய ஆசையோ திட்டமோ இருந்தால், செய் என்று கட்டளையிடும் குரல் கேட்டால், உயிரை விடும் எண்ணம் வந்தால், அது இந்தக் கணக்கில் வராது. அப்போது ஆலோசனைக்கு நேரம் குறித்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது.

அப்பாவின் மரணமும் நினைவுகளும் ஒரே காலத்தில் வந்ததால், தேவன்மேல் உள்ள கோபம்தான் தூஷணமாக வெளியே வருகிறது என்று சபையில் ஒருவர் விளக்கம் கொடுத்திருந்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் துக்கமும் தூக்கக் குறைவும் இந்த நோயைக் கிளப்பிவிடும் என்பதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை. இத்தகைய நினைவு, ஒருவர் எதை உயர்வாக மதிக்கிறாரோ அதையே தேடிப்போய்க் கடிக்கும். மகளை நேசிக்கிறவருக்குத்தான் கத்தி பயம்.

உடம்பின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. பசியில் உடல் அட்ரினலினையும் கார்டிசாலையும் கூட்டும். எரிச்சல் எளிதில் வரும். தினமும் காபி, தேநீர் குடிப்பவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சிடுசிடுப்பும் தொடங்கலாம், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். இவருடைய ‘இரண்டாம் நாள் பிசாசில்’ கொஞ்சம் இதுவாகவும் இருக்கலாம் என்று சொன்னபோது முதல்முறையாகச் சிரித்தார். இன்சுலின் போடுபவர்கள், லித்தியம் போன்ற மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருப்பது உயிருக்கே ஆபத்து.

செய்தது

நீண்ட உபவாசங்களை முதலில் நிறுத்தச் சொன்னோம். விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டதாக உணர்ந்தார். 2 சாமுவேல் 12-ல் தாவீது பிள்ளைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்ததும், பிள்ளை இறந்தபின் எழுந்து குளித்து, தொழுதுகொண்டு, சாப்பிட்டதும் அப்போதுதான் பேசப்பட்டது. தாவீது கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் மறுபடி பட்டினி கிடந்து தேவனை நெருக்கவில்லை. இவர் அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு ஒருவிதத்தில் எழுந்து சாப்பிடவே இல்லை.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார், கூடவே ஒரு பயிற்சி: நினைவைத் தூண்டும் இடத்துக்கு வேண்டுமென்றே போய், வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க, இவர் காய்கறி வெட்ட வேண்டும். திருவிருந்தில் நினைவு வந்தால் வரட்டும் என்று பாத்திரத்தை வாங்கிக் குடிக்க வேண்டும், மனதுக்குள் “மன்னியும்” சொல்லக் கூடாது. ஜெபத்தையே தடுக்கச் சொல்கிறார்களே என்று முதலில் கலங்கினார். தேவனிடம் பேசுவது ஜெபம், பயத்தை அமுக்க ஒரே சொல்லைத் தேய்ப்பது வேறு என்று போதகர் பிரித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை மதியம்வரை உபவாசம் அனுமதிக்கப்பட்டது, ஒரே நிபந்தனையோடு: குறித்த நேரத்தில் முடிய வேண்டும். எந்த நினைவு வந்தாலும் அந்த நாள் சேரும்.

கோபத்துக்கு எவாக்ரியுஸ் சொன்ன மூன்றையும் எடுத்துக்கொண்டோம். சங்கீதம் 13-ஐ, “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று சத்தமாக வாசித்தார். பிறகு 88. வெளிச்சமே இல்லாமல் முடியும் சங்கீதம் அது. அப்பாவைப் பற்றி அவர் தேவனிடம் சொல்லத் துணியாததெல்லாம் அங்கே ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. இரக்கத்துக்கு ஏசாயா 58:7, பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்பது. உபவாச நாளில் தன் சாப்பாட்டை, தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அன்று பாத்திரம் கழுவுவதும் இவர்தான், வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்பது பயிற்சியைவிடக் கஷ்டமாக இருந்தது. “உபவாசத்தில் இருந்ததால் கத்திவிட்டேன்” என்று தொடங்கினாராம். மனைவி அங்கேயே நிறுத்தியிருக்கிறார். “கத்தியது தப்பு” என்று திருத்திச் சொன்னார்.

அண்ணன் விஷயத்தில் ஒரு வாக்குவாதமே நடந்தது. காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டுப் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5-ஐச் சொன்னேன். “ஐயா, அங்கே சகோதரனுக்குத்தானே இவன்மேல் குறை? எனக்குத்தான் அவன்மேல் குறை” என்றார். வேதம் படித்த ஆள். அப்படியானால் மாற்கு 11:25: நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை உண்டாயிருந்தால் மன்னியுங்கள். இரண்டு பக்கக் கதவும் அடைபட்டதும், “மன்னித்தால் செலவுப் பணத்தைக் கேட்கக் கூடாதா?” என்றார். கேட்கலாம். மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையை விடுவது. கணக்குப் பார்க்கக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. அவர் மறுபடி பேசத் தொடங்குவதும் அண்ணன் திரும்பப் பேசுவதும் தனித்தனி. “கூடுமானால் உங்களாலானமட்டும்” எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்வதில் இரண்டாவதற்கு இவர் பொறுப்பாளி இல்லை. நோட்டில் நாலாவது குறிப்பை அவரே அடித்தார். மூன்றாவதை அடிக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டோம்.

இப்போதைய நிலை

மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆனது. தூஷண நினைவுகள் நிற்கவில்லை. ஆனால் வந்தால் அரைநாள் போன இடத்தில் இப்போது சில நிமிஷம்தான் போகிறது. கத்தியைத் தொடுகிறார். ஞாயிறு பள்ளியிலிருந்து விலக நினைத்தார், போதகர் விடவில்லை.

கோபம் மெதுவாகத்தான் இறங்குகிறது. ராத்திரி விசாரணை இன்னும் சில நாள் நடக்கிறது. இப்போது அதைத் தொடங்கும்போதே தெரிகிறது என்கிறார். எழுந்து விளக்கைப் போட்டு ஒரு சங்கீதம் வாசிக்கிறார், சில நாள் வாசிக்காமல் விசாரணையை முடித்தே தூங்குகிறார். அண்ணனுக்கு இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை அண்ணன் எடுத்து, “என்ன?” என்று கேட்டு வைத்துவிட்டார். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

போன மாதம் சபையில் பொது உபவாசம் அறிவித்திருந்தார்கள். சேரட்டுமா என்று கேட்டு வந்தார். “டாக்டரிடம் கேளுங்கள் தம்பி. சரி என்றால் மதியம்வரை இருங்கள். மதியம் ஆனதும் சாப்பிட்டுவிடுங்கள்.”

“நடுவில் நினைவு வந்தால்?”

“சாப்பிடுங்கள்.”

“அண்ணனுக்காக ஜெபித்து, அவன் அன்றைக்கும் போன் எடுக்காவிட்டால்?”

“அப்போதும்தான்.”